கூடினால் குறையும்: ஒரு புரதம் சொல்லும் கணக்கு

உங்கள் புலனக் குழுவுக்கும் அது வந்திருக்கும். உயிரணுக்களின் தகவல் தொடர்பைப் பெருக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு மாவு, அல்லது ஒரு பானம், அல்லது ஒரு மாத்திரை. விலை நூற்றுக்கணக்கான ரிங்கிட். கூடவே ஒரு விளக்கப்படம்: வட்டமாக ஓர் உயிரணு, நாலைந்து அம்புக்குறிகள், வாயில் நுழையாத ஒரு புரதத்தின் பெயர். இந்தப் புரதம் உடலுக்கு நல்லது, எங்கள் பொருள் அதைக் கூட்டும், ஆகவே எங்கள் பொருள் உடலுக்கு நல்லது என்று அது முடியும்.

இதில் பொய் எங்கே என்று தேடுவது வீண் வேலை. புரதத்தின் பெயர் உண்மையாகவே இருக்கலாம். படம்கூட ஏதாவது பாடநூலில் இருந்து எடுத்ததாக இருக்கலாம். கோளாறு இருப்பது அந்த ‘ஆகவே’யில். நல்லது ஒன்று கூடினால் நன்மையும் கூடும் என்பது எங்கிருந்து வந்தது?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அதை ஓர் அறிவுரையாகத்தான் வைத்திருக்கிறோம். ஏன் கெடும், எப்படிக் கெடும் என்று ஒரு மாணவர் கேட்டால் விடை சொல்லத் தடுமாறுவோம். அந்தக் கேள்விக்குத் தெளிவாக விடை சொல்லும் ஒரு புரதம் நம் ஒவ்வொருவரின் உடலிலும் இருக்கிறது. இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு அதைக் கட்டாயம் அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

சாரம் கட்டும் புரதம்

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாரம் சிலை வடிப்பதில்லை, வண்ணம் பூசுவதும் இல்லை. ஆனால் சிற்பியும் வண்ணம் பூசுபவரும் வேலை நடக்க வேண்டிய இடத்தில் ஒன்றாக நிற்பதற்கு அது வேண்டும். உயிரணுவுக்குள்ளும் இப்படிப்பட்ட புரதங்கள் உண்டு. ஸ்கேஃபோல்ட் புரதம் என்பார்கள். நாம் சாரப்புரதம் என்று சொல்லிக்கொள்வோம். பழத்தின் சாரத்தை நினைக்காதீர்கள், கட்டடத்தின் சாரத்தை நினையுங்கள்.

அதற்கு அங்கே என்ன வேலை? தோலில் ஒரு வெட்டுக்காயம் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள உயிரணுக்களுக்கு ‘பிளந்து பெருகு’ என்று ஒரு செய்தி வருகிறது. செய்தியைக் கொண்டுவரும் வளர்ச்சிக் காரணி உயிரணுவின் வெளிச்சவ்வோடு நின்றுவிடும். ஆனால் பெருகுவதற்கான கட்டளைகள் உள்ளே உட்கருவில் இருக்கின்றன. ஆகவே செய்தியை வாசலில் இருந்து உள்ளறை வரை கைமாற்றிக் கொண்டுபோக வேண்டும்.

இந்தக் கைமாற்றத்தில் நான்கு புரதங்களின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். சவ்வில் ஒட்டியிருப்பது ராஸ். அது ராஃப் என்பதை எழுப்பும். ராஃப் மெக் என்பதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டும். அதனால் விழித்துக்கொண்ட மெக், எர்க் என்பதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டும். எர்க் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும். இப்படிப் பாஸ்பேட் ஒட்டும் நொதிகளைக் கைனேஸ் என்பார்கள்.

நூல்களில் இதை நான்கு பெயர்களும் மூன்று அம்புக்குறிகளுமாக வரைந்துவிடுவார்கள். அப்படி வரைவதில் ஒரு கேள்வி மறைந்துவிடுகிறது. உயிரணுவின் உட்பகுதி ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நெரியும் இடம். தைப்பூசத்தன்று பத்துமலைப் படிக்கட்டைப் போல. அந்த நெரிசலில் ராஃப் எப்படி மெக்கைத் தேடிக் கண்டுபிடிக்கும்?

இங்கேதான் கே.எஸ்.ஆர். என்னும் சாரப்புரதம் வருகிறது. மனிதருக்கு இதில் கே.எஸ்.ஆர்.1, கே.எஸ்.ஆர்.2 என்று இரண்டு உண்டு. செய்தி ஏதும் இல்லாத நேரத்தில் இது மெக்கைப் பிடித்துக்கொண்டு உட்பகுதியில் காத்திருக்கும். வளர்ச்சிச் செய்தி வந்ததும் மெக்கோடு சவ்வுக்கு நகரும். அங்கே ராஃப் இருக்கிறது. எர்க்கும் இதோடு வந்து சேர்ந்துகொள்ளும். கைமாற்ற வேண்டிய மூவரும் இப்போது ஒரே மேசையில். அதோடு, ராஃபோடு இணைந்து அதன் வடிவத்தை மாற்றி, அதைத் தட்டி எழுப்பும் வேலையையும் கே.எஸ்.ஆர். செய்கிறது.

இன்னொரு செய்தி சுவையானது. கே.எஸ்.ஆரின் ஒரு பகுதி பார்ப்பதற்குக் கைனேஸ் போலவே இருக்கும். ஆனால் கைனேஸ்களில் வேலைக்கு முக்கியமான ஓரிடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பாலூட்டிகளின் கே.எஸ்.ஆரில் இல்லை. அதற்குப் பதில் ஆர்ஜினின் இருக்கிறது. பாஸ்பேட் ஒட்டும் வேலையில் அது தேறாது. மற்றவர்களை ஒன்றுசேர்ப்பதில்தான் அதன் பெருமை.

முரண்பட்ட முடிவுகள்

1995ஆம் ஆண்டு பழ ஈயிலும் சிறிய உருளைப்புழு ஒன்றிலும் தனித்தனியே ஆராய்ந்துகொண்டிருந்த குழுக்கள் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தன. ராஸ் அளவுகடந்து இயங்கும் பழ ஈக்களின் கண்கள் சொரசொரப்பாகிவிடும். வேறொரு மரபணு பழுதானால் அந்தச் சொரசொரப்பு குறைந்தது. ராஸின் விளைவை அடக்கும் கைனேஸ் என்ற பொருளில் அந்த மரபணுவுக்குப் பெயர் வைத்தார்கள். உண்மையில் அடக்கியது அந்த மரபணுவின் பழுது. மரபணு நல்ல நிலையில் இருந்தால் அது ராஸின் செய்திக்குத் துணைதான் நிற்கிறது.

அதன்பின் குழப்பம் தொடங்கியது. சில ஆய்வுக்கூடங்கள் உயிரணுக்களில் கே.எஸ்.ஆரைக் கூட்டியபோது செய்தி வலுத்தது. வேறு சில ஆய்வுக்கூடங்கள் கூட்டியபோது செய்தி அடங்கியது. இது ஊக்குவிக்கும் புரதமா, தடுக்கும் புரதமா?

2000ஆம் ஆண்டில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் கணினிக் கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். சாரப்புரதம் கூடக் கூடச் செய்தி முதலில் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், அதன்பின் இறங்கிவிடும் என்றது அந்தக் கணக்கு. 2004இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா ஆய்வாளர்கள், கே.எஸ்.ஆர்.1 இல்லாமல் பிறந்த எலிகளின் உயிரணுக்களை எடுத்து, அவற்றில் அதே புரதத்தைப் பல அளவுகளில் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏற்றம், உச்சம், இறக்கம் மூன்றும் தெரிந்தன. முன்பு சண்டையிட்ட இரு தரப்பும் ஒரே மலையின் இரண்டு சரிவுகளில் நின்றிருக்கின்றன.

மேசைக் கணக்கு

ஏன் இப்படி? இதற்குப் பல்கலைக்கழகக் கணிதம் தேவையில்லை. பள்ளி அறிவியல் கூடத்தை மனத்தில் நிறுத்துங்கள்.

ஒரு பரிசோதனைக்கு மூவர் வேண்டும்: ஊற்றுபவர் ஒருவர், அளப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். வகுப்பில் ஊற்றுபவர்கள் 4 பேர், அளப்பவர்கள் 4 பேர், எழுதுபவர்கள் 4 பேர். ஒவ்வொரு மேசையிலும் மூன்று நாற்காலிகள், வகைக்கு ஒன்று. யார் எந்த மேசைக்குப் போவது என்பது குலுக்கல். மூவரும் சேர்ந்த மேசையில் மட்டும்தான் பரிசோதனை நடக்கும்.

ஒரு மேசை இருந்தால் ஒரு குழு. இரண்டு மேசை இருந்தால் இரண்டு குழு. நான்கு மேசை இருந்தால் நான்கு குழு. இதுவரை மேசை கூடக் கூட நன்மை கூடுகிறது.

இப்போது எட்டு மேசை போடுங்கள். நான்கு ஊற்றுபவர்கள் எட்டு மேசைகளில் பாதியில்தான் இருப்பார்கள். அளப்பவர்களும் அப்படியே, எழுதுபவர்களும் அப்படியே. ஒரு மேசையில் மூவரும் அமைய வாய்ப்பு பாதியில் பாதியில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. எட்டு மேசைக்கும் சேர்த்துச் சராசரியாக ஒரே ஒரு முழுக் குழு. பன்னிரண்டு மேசை போட்டால் சராசரி அரைக் குழுவுக்கும் கீழே. பதினாறு மேசை போட்டால் கால் குழு. அதாவது நான்கு முறை குலுக்கினால் ஒரு முறை ஒரு குழு அமையலாம்.

மாணவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. ஒருவருக்கும் உடம்புக்கு முடியாமல் போகவில்லை. மேசை மட்டும் கூடியது. வேலை நான்கில் இருந்து காலாக விழுந்தது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 1 முதல் 8 வரை எண்ணிட்ட சீட்டுகளைக் குலுக்கி நான்கை எடுங்கள். அவை ஊற்றுபவர்களின் மேசைகள். சீட்டுகளைத் திரும்பப் போட்டு அளப்பவர்களுக்கு நான்கு, அதேபோல் எழுதுபவர்களுக்கு நான்கு. மூன்றிலும் வந்த எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். இருபது முறை செய்தால் சராசரி ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கும்.

உயிரணு இவ்வளவு எளியதல்ல. புரதங்கள் ஒட்டுவதும் பிரிவதுமாக இருக்கும். ஒன்று ஒட்டினால் இன்னொன்று ஒட்டுவது எளிதாகலாம். ஆகவே உச்சம் எங்கே என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் மலையின் வடிவத்துக்குக் காரணம் இதுதான். சாரம் மிகுந்துபோனால் ராஃப் ஒன்றிலும் மெக் வேறொன்றிலும் எர்க் மற்றொன்றிலும் தனித்தனியே உட்கார்ந்திருக்கும்.

பாடநூலில் இல்லாத மலை

மலை வடிவ வரைபடத்தை மாணவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். படிவம் 4 உயிரியலில் நொதியும் வெப்பநிலையும் பற்றிய வரைபடம் ஏறி இறங்கும். அமிலத்தன்மைக்கும் அப்படியே. ஆனால் அங்கே இறக்கத்துக்குக் காரணம் சேதம். சூட்டில் நொதியின் வடிவம் கெட்டுப்போகிறது. அதைப் படிக்கும் மாணவர், ஒன்று கெட்டுப்போனால்தான் வேலை குறையும் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

சேதமில்லாத மற்ற வரைபடங்களைப் பாருங்கள். நொதி வினைபுரியும் பொருளைக் கூட்டினால் கோடு ஏறும், பின்பு சமமாகும். ஒளியைக் கூட்டினால் ஒளிச்சேர்க்கை ஏறும், பின்பு சமமாகும். இவற்றில் இருந்து மாணவர் மனத்தில் பதியும் பாடம் ஒன்று: கூட்டினால் லாபம், இல்லாவிட்டால் நட்டமில்லை. மாவு விற்பவர் நம்பியிருப்பதும் இதே பாடத்தைத்தான்.

கே.எஸ்.ஆர். இதைக் கலைக்கிறது. எதுவும் கெடவில்லை, நஞ்சு எதுவும் கலக்கவில்லை, எல்லாப் புரதமும் நலமாக இருக்கிறது, ஆனாலும் வேலை குறைகிறது. வேலை என்பது பொருளின் அளவில் மட்டுமில்லை, சேர்க்கையில் இருக்கிறது. இந்த ஓர் எண்ணம் மனத்தில் தங்கிவிட்டால் போதும், ‘இதைக் கூட்டும், ஆகவே நல்லது’ என்பது இனி ஒரு வாதமாகவே தோன்றாது.

குறைந்தாலும் கேடு

அப்படியானால் கே.எஸ்.ஆர். குறைவாக இருப்பது நல்லதா? அதுவும் இல்லை.

2013இல் கேம்பிரிட்ஜின் சதாஃப் ஃபரூக்கி தலைமையிலான குழு ஒன்று, சிறுவயதிலேயே கடுமையான உடல் பருமன் கண்ட 2,101 பேரின் கே.எஸ்.ஆர்.2 மரபணுவைப் படித்து முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் சிலரிடம் அரிய மாற்றங்கள் இருந்தன. பல மாற்றங்கள் ராஃப், மெக், எர்க் வழியாகச் செல்லும் செய்தியைக் குலைத்தன. அந்த மாற்றங்களைச் சுமந்தவர்களுக்குச் சிறுவயதில் அடங்காத பசி இருந்தது. இதயத் துடிப்பு மெதுவாக இருந்தது. ஓய்வில் உடல் எரிக்கும் ஆற்றல் குறைவாக இருந்தது. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்கவில்லை. மாற்றமடைந்த மரபணுவை ஏற்றிய உயிரணுக்கள் கொழுப்பை எரிப்பதில் பின்தங்கின. நம் வீடுகளில் பலருக்குப் பழக்கமான நீரிழிவு மருந்தான மெட்ஃபோர்மின், ஆய்வுக்கூடத்தில் அந்த உயிரணுக்களின் குறையை ஓரளவு சரிசெய்தது.

இவை அரிய மாற்றங்கள். இந்நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கூடுதல் எடையோடு இருப்பதற்கு இதைக் காரணம் காட்ட முடியாது. ஆனாலும் வகுப்பில் ஒரு பிள்ளையின் எடையைப் பார்த்து வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். பசியின் அளவும் எரியும் ஆற்றலின் அளவும் சிலருக்கு ஒரு சாரப்புரதத்தின் கையில் இருக்கிறது.

பெருகுவது எப்போதும் வரமல்ல

மறுபக்கத்தையும் பார்ப்போம். உயிரணுவின் செய்தியைப் பெருக்குவது நல்லது என்று சொல்பவர்கள், என்ன செய்தி என்று சொல்வதில்லை. நாம் பார்த்த இந்தச் செய்தி ‘பெருகு’ என்பது. கணையப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றில் ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த கே-ராஸ் மரபணு மாறியிருக்கிறது. அங்கே செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. நோயே அந்தப் பெருக்கத்தில்தான் வேர் கொண்டிருக்கிறது.

அதனால் மருத்துவ ஆய்வு சாரத்தின் பக்கம் திரும்பியது. கே.எஸ்.ஆர்.1 இல்லாத எலிகள் உயிர்வாழ்ந்தன; மாறிய ராஸ் உண்டாக்கும் தோல் கட்டிகள் அவற்றில் எளிதில் வளரவில்லை என்று 2003இல் தெரியவந்தது. டிரமெட்டினிப் என்ற மருந்து மெக்கைத் தடுப்பது. ஒருவகைத் தோல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்றது. அது மெக்கில் எங்கே உட்காருகிறது என்பதை 2020இல் நியூயார்க் ஆய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள். மெக்கும் கே.எஸ்.ஆரும் சந்திக்கும் விளிம்பில், இரண்டையும் தொட்டுக்கொண்டு உட்காருகிறது. நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குப் பிறகுதான், அந்த மருந்து சாரத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது என்பது இவ்வளவு தெளிவாகப் புலப்பட்டது.

இதோடு மாவு வாதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில், வாயில் போடும் புரதம் இரைப்பையில் பெப்சினிடமும் சிறுகுடலில் டிரிப்சினிடமும் சிக்கி அமினோ அமிலங்களாக உடைகிறது. அது முழுப் புரதமாக உயிரணுவுக்குள் போய் மேசை போடப்போவதில்லை. இது படிவ மாணவருக்கே தெரிந்த பாடம். ஒருவேளை ஏதோ ஒரு பொருள் உண்மையிலேயே செய்தியைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொண்டாலும், எந்தச் செய்தி, எந்த உயிரணுவில், எவ்வளவு என்று கேட்காமல் அதை விழுங்கலாமா? புற்றுநோய் கண்ட ஒருவர் மருத்துவமனைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு இத்தகைய டப்பாவை நம்பும்போது, அந்த ‘ஆகவே’க்கு அவர் கொடுக்கும் விலை ரிங்கிட்டில் இல்லை.

எதிர்வாதங்கள்

இதைச் சொன்னால் சக ஆசிரியர்கள் முதலில் கேட்பது: நேரம் எங்கே? எஸ்.பி.எம். பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. நியாயமான கேள்வி. நான் புதிய பாடம் கேட்கவில்லை, தேர்வில் கேள்வியும் கேட்கவில்லை. நொதிப் பாடம் முடியும் நாளில் பத்து நிமிடமும் எட்டுச் சீட்டும் போதும். புரதத்தின் பெயரை மறந்துவிட்டாலும் குற்றமில்லை. மேசைக் கணக்கு மறக்காது.

இரண்டாவது வாதம் கனமானது. கூடினால் கெடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளை வீட்டில் தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரையையும் பாதியாக்கச் சொல்வார்களே? கர்ப்பிணிக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடுவார்களே?

இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் கே.எஸ்.ஆர்.2 கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்கிறேன். குறைவாக இருப்பது நல்லது என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. ஏறும் சரிவில் இருப்பவருக்குக் கூட்ட வேண்டும். இரும்புச்சத்து குறைந்தவருக்கு இரும்பு வேண்டும். நாம் எந்தச் சரிவில் நிற்கிறோம் என்பதை அளந்துதான் அறிய முடியும். மருத்துவர் இரத்தப் பரிசோதனை எடுத்து, மருந்தின் அளவை மில்லிகிராமில் எழுதிக்கொடுப்பது இதற்காகத்தான். அவர் எழுதிய அளவை நாமாகக் கூட்டுவதும் நாமாகக் குறைப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு மலையில் நடப்பதற்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் மலை வடிவம்தான் என்றும் இல்லை. சில கோடுகள் ஏறிச் சமமாகத்தான் நிற்கும். எது எப்படி என்பதைச் சோதனை சொல்ல வேண்டும், விளம்பரம் சொல்லக்கூடாது.

மூன்று கேள்விகள்

மாணவர்களும் பெற்றோரும் மனத்தில் வைத்துக்கொள்ள மூன்று கேள்விகள் போதும். உடலுக்குள் ஏதோ ஒன்று கூடுவதாக யாராவது சொன்னால் கேளுங்கள்: எவ்வளவு? எங்கே? யாரோடு?

எவ்வளவு என்பது மலையில் நம் இடத்தைக் கேட்கும் கேள்வி. எங்கே என்பது கே.எஸ்.ஆர். உட்பகுதியில் காத்திருக்கும்போது ஒன்றும் நடப்பதில்லை, சவ்வுக்குப் போனால்தான் வேலை நடக்கிறது என்பதில் இருந்து வரும் கேள்வி. யாரோடு என்பது மேசையில் மற்ற இருவரும் இருக்கிறார்களா என்ற கேள்வி. இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் ‘கூடும்’ என்று மட்டும் சொல்பவரிடம் அறிவியல் இன்னும் வந்து சேரவில்லை.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கரும்பலகையில் ஏறும் கோடு ஒன்றை வரையும்போது, கோட்டின் முனையில் கையை நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்கு மேலும் கூட்டினால் என்ன ஆகும் என்று வகுப்பைக் கேளுங்கள். ஏறும், நிற்கும், இறங்கும் என்று மூன்று விடைகளும் வரட்டும். ஒவ்வொரு விடைக்கும் காரணம் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் வாக்குவாதம் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுவதும் உதவும்.